வரவேற்பில் வெடித்த பலூன்

இன்று எங்கள் கல்லூரி புராஜெக்ட் டீமில் முதலாண்டுப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாள். பட்டாசு ஆலையில் ஆள் உட்காராமல் வெடிமருந்து செலுத்துகிற மெஷின் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். சேர்ந்தால் படிப்பு முடியும்வரை கூடவே இருக்க வேண்டும். பாதியில் ஓடிவிடுவார்களோ என்று காலையிலிருந்தே எனக்குப் பயம்.

கூச்சம் போகட்டும் என்று பலூன் விளையாட்டு வைத்தேன். முதல் பலூன் டமாரென்று வெடித்தது.

வெளியூர்ப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்கள்.

"பலூன்தானப்பா" என்றேன். என் காதிலும் போன் இருந்தது.

"தெரியும்க்கா, கை தானா போயிருச்சு" என்றாள் எம். புதுப்பட்டியிலிருந்து வந்த பவித்ரா. "அம்மா எடுக்க மாட்டேங்குது."

"பட்டாசுக் கம்பெனிக்குள்ள போன் விட மாட்டாகள்ல?"

"அதுவும் தெரியும்க்கா."

மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அவள் அம்மா திரும்பக் கூப்பிட்டார். அதுவரை நான் பேசிய எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

கடைசியில், கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். பவித்ரா எழுந்தாள்.

"மெஷின் எப்பக்கா முடியும்?"

"நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள முடிச்சிருவோம்."

"அம்புட்டு நாளாகுமாக்கா?"

காலையிலிருந்து நான் பயந்ததும் இதே கேள்விக்குத்தான். ஆனால் இந்த அர்த்தத்தில் இல்லை.

பவித்ரா சேர்ந்துவிட்டாள். அடுத்த வருட வரவேற்புக்குச் சத்தமே வராத விளையாட்டு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். வெளியூர்க்காரர்கள் மட்டும் சொன்னால் போதாது.