ராகு காலத்தில் ஒட்டிய கண்ணாடி

சென்ற ஆண்டு சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, கொரட்டூரில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது இது. எதையும் நேரத்தோடு குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால் சரியாகவே சொல்ல முடியும்.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு என் மனைவிக்கு ஓட்டுநர் உரிமத் தேர்வு. ஏற்கெனவே இரண்டு முறை ரிவர்ஸ் எடுப்பதில் கோட்டைவிட்டிருந்தாள். “இந்தத் தடவையும் போச்சுன்னா இனிமே ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன்” என்று சொல்லியிருந்தாள். கை பழகிய எங்கள் காரிலேயே போவதாக ஏற்பாடு. காலை எட்டு மணிக்குக் காரைத் திறந்தால், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி டேஷ்போர்டில் கவிழ்ந்து கிடக்கிறது! அதைத் தாங்கிய சிறிய உலோக வில்லை, வெயிலில் பசை இளகி முன்கண்ணாடியிலிருந்து கழன்றிருந்தது.

அம்பத்தூரில் கடை திறக்கக் காத்திருந்து, அதற்கென்றே உள்ள பசையை வாங்கி வந்தேன். பழைய பசையை பிளேடால் சுரண்டினேன். நடுப்புள்ளியை டேப் வைத்து மூன்று முறை அளந்து, மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை வெளிப்பக்கம் ஒட்டி அடையாளம் வைத்தேன். அப்போதுதான் மணி பார்த்தேன். பத்து இருபத்தைந்து. பத்தரைக்கு ராகு காலம். சாதாரண நாளில் அதையெல்லாம் பார்க்கிறவன் இல்லை. ஆனால் இது மூன்றாவது முறையாயிற்றே! அவசர அவசரமாக வில்லையை ஒட்டி அழுத்திப் பிடித்தேன். 10.28 என்று குறித்தும் கொண்டேன்.

பதினொரு மணிக்குக் கண்ணாடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வில்லையைத் தலைகீழாக ஒட்டியிருந்தேன்; கண்ணாடியின் பிடி அதில் செருகாது. பழையது தானாக விழுந்தது. இது இழுத்தாலும் அசையவில்லை. பலமாக இழுத்தால் முன்கண்ணாடியே விரிசல் விட்டுவிடும்.

வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் எட்டிப் பார்த்தார். “இன்னா சார், சட்ட பட்டன் சைசு கீது, அத்தோட மல்லுக்கட்டிகினு கீறே?”

சொன்னேன்.

“சூடு காட்டுனா வந்துரும். பெட்டிய நேரா வெச்சா கண்ணாடி பூடும். இரு, வரேன்.”

துணியை நாலாக மடித்து, இஸ்திரிப் பெட்டியில் சூடேற்றி, வில்லையின்மேல் வைத்து அழுத்தினார். ஐந்தாறு முறை அப்படி. பிறகு குறடால் மெல்லத் திருக, கையோடு வந்துவிட்டது.

அப்போது மணி பதினொன்று முப்பத்தைந்து. “பன்னிரண்டு ஆகட்டுமே” என்றேன்.

“ஒட்டினா ஒரு மணி நேரம் காயணும்னு நீங்கதானே படிச்சீங்க? ராகு காலம் பார்த்து ஒட்டின லட்சணம்தான் தெரியுதே. குடுங்க இப்படி” என்று வாங்கிக்கொண்டாள், அதற்குள் அங்கே வந்துவிட்ட மனைவி. பசை தொடும் முன்பே வில்லையைக் கண்ணாடியில் செருகி, எது மேல்பக்கம் என்று பார்த்தாள். பிறகு ஒட்டினாள்.

“சாரு அளந்தாரு, அக்கா ஒட்டிச்சு!” என்று சிரித்தார் இஸ்திரிக்காரர்.

தேர்வு மைதானத்தின் ஓரத்தில் நான் நின்றேன். வண்டி பின்னோக்கி வளைந்து வந்து, கோட்டைத் தொடாமல் நின்றது. பாஸ்!

திரும்பும்போது சொன்னாள்: “ரிவர்ஸ்ல வர்றப்ப கண்ணாடியில நீங்கதான் தெரிஞ்சீங்க. நகத்தைக் கடிச்சுக்கிட்டிருந்தீங்க.”

நல்ல நேரம் போய்விடுமே என்ற பதற்றத்தில் கையில் இருந்த பொருளையே சரியாகப் பார்க்காமல் விட்டவன் நான். இப்போது அவள் ஓட்டும் காரில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போதெல்லாம், கடிகாரத்தை விட்டுவிட்டுச் சாலையைப் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.