ஸ்தனிஸ்லாஸ் ஸ்பிரிங் மாற்றிய சனிக்கிழமை

மொரப்பூரிலிருந்து தர்மபுரி போகும் சாலையோரம், பச்சை கேட் போட்ட வீடு ஸ்தனிஸ்லாஸுடையது. முப்பத்திரண்டு வருடம் தினமும் ரயிலேறி ஜோலார்பேட்டைக்குப் போய், ரயில் பெட்டிகளுக்கு அடியில் படுத்து வேலை செய்த ஃபிட்டர். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. உயரம் ஐந்தடி இரண்டங்குலம். எங்கே போனாலும் பையில் ஒரு ஸ்பேனர் இருக்கும். கோயிலில் பூசைக்குப் போகும்போது மட்டும் சின்ன ஸ்பேனர்.

ஸ்பிரிங் என்றால் அவருக்குத் தனி மரியாதை. பணிமனையில் ஒருமுறை அமுக்கி வைத்திருந்த ஸ்பிரிங் விடுபட்டு, தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்றாம். முதலில் இதை அவர் சொன்னபோது அது பக்கத்துத் தண்டவாளத்தில் விழுந்தது. பிறகு கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் கொஞ்சம் முன்னேறி, போன வருடம் சாமல்பட்டி ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது. இன்னும் இரண்டு வருடம் போனால் டிக்கெட் இல்லாமலே மொரப்பூர் வந்து சேரும்.

அவருடைய ஒரே அண்ணன் ஜேக்கப். எழுபத்தொரு வயது. மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளியும் பீன்ஸும் போடுகிறவர். அண்ணன் தம்பி இருவரும் பேசிப் பதினோரு வருடமாகியிருந்தது. காரணம் நிலமோ நகையோ இல்லை. ஸ்தனிஸ்லாஸின் புது வீட்டைப் பங்குச் சாமியார் மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த நாளில், ஏணி மேல் நின்று மின்விசிறியை மாட்டிக்கொண்டிருந்தார் ஸ்தனிஸ்லாஸ். இரண்டு கையிலும் விசிறி. வாயில் இரண்டு திருகாணி. அண்ணன் படியேறி வந்தபோது தம்பியால் சொல்ல முடிந்தது “ம்ம்” மட்டும்தான். அந்தப் பக்கத்து ஊர்களில், வந்தவரை “வாங்க” என்று வாய் திறந்து கூப்பிடாத வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். ஜேக்கப் அப்படியே திரும்பி பஸ் ஏறியவர்தான்.

இந்த வருடம் ஸ்தனிஸ்லாஸின் பேத்திக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அந்தக் குடும்பத்தில் குழந்தையின் கையில் மெழுகுவத்தியை ஏற்றிக் கொடுப்பது மூத்தவர்தான். ஸ்தனிஸ்லாஸின் மனைவி சகாயராணி மூன்று மாதம் ஃபோனில் பேசிப் பேசி ஜேக்கப்பைச் சம்மதிக்க வைத்தார். இதுதான் கடைசித் தடவை, இனி ஒரு குறை வந்தால் தன் சாவுக்குக்கூட அவன் வர வேண்டாம் என்று சொல்லித்தான் அவர் சம்மதித்தார். முழங்கால் வலிக்காரர் என்பதால் ஞாயிறு விடியற்காலையில் ஸ்தனிஸ்லாஸே காரில் போய் அழைத்துவருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை ஒரு வேகத்தடையில் காரின் முன்பக்கம் ‘டக்’ என்றது. இடது முன் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று ஒடிந்திருந்தது. பதினாறு வருடக் கார். மெக்கானிக் திங்கட்கிழமைதான் முடியும் என்றார். ஸ்தனிஸ்லாஸ் தர்மபுரிக்குப் போய் இரண்டு புது ஸ்பிரிங் வாங்கிவந்தார். ஒன்று ஒடிந்தாலும் இரண்டையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கார் ஒரு பக்கம் சாயும்.

சனிக்கிழமை காலை வாசலில் வேலை தொடங்கியது. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். சக்கரம் தரையில் இருக்கும்போதே அதன் நட்டுகளை இளக்கினார். ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு வைத்து, காரைத் தோளால் தள்ளிப் பார்த்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினார். ஜாக்கியை நம்பி அடியில் படுக்கிறவனுக்கும் ஹாலோ பிளாக் மேல் காரை ஏற்றுகிறவனுக்கும் முன்கூட்டியே அடக்கப் பூசை வைத்துவிடலாம் என்பது அவர் கருத்து. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகக் கோத்த தூண் அது. கீழே போல்ட்டுகளையும் மேலே ஓரத்து நட்டுகளையும் கழற்றினால் தூண் வெளியே வரும். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொட்டால் ஸ்பிரிங் வெளியே வரும், ஆளோடு. அதனால் நடு நட்டின் மேல் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்திருந்தார். ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் கொக்கித் திருகால் அமுக்கி, அது தளர்ந்து ஆடிய பிறகே அந்தத் துணியை அவிழ்த்தார்.

வலது பக்கம் ஒன்பதரைக்குள் முடிந்தது. இடது பக்கம் பழையதும் வெளியே வந்துவிட்டது. புது ஸ்பிரிங்கை அமுக்கும்போதுதான் தவறு செய்தார். துரு பிடிக்காமலிருக்க அதில் பூசியிருந்த எண்ணெயை, ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்கும் அவசரத்தில், துடைக்காமல் விட்டுவிட்டார். முக்கால்வாசி அமுங்கியபோது ஒரு கொக்கி இரண்டு விரற்கடை வழுக்கியது. ஸ்பிரிங் வாழைக்காய் போல வளைந்தது. அதன் முனை கேட்டைப் பார்த்திருந்தது.

கேட் திறந்தது. கையில் குடையும் ஒரு பை தக்காளியுமாக ஜேக்கப். தம்பி காரில் வந்து கூப்பிட்டுப் போகும் அளவுக்குத் தான் கிழவன் ஆகிவிடவில்லை என்று ஒரு நாள் முன்னதாகவே மூன்று பஸ் மாறி வந்திருந்தார்.

ஸ்தனிஸ்லாஸ் எழுந்திருக்கவில்லை.

“அங்கயே நில்லுங்க!” என்று கத்தினார்.

ஜேக்கப் நின்றார். கோபம் வந்தால் சொன்னபடி கேட்கிற ஆள் அவர்.

சகாயராணி செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தார். ஜேக்கப் செம்பைப் பார்க்கவில்லை.

“அடுத்த பஸ் எத்தன மணிக்கும்மா?”

“மாமா, அவரு உங்களச் சொல்லலீங்க. அந்த ஸ்பிரிங்குக்குப் பயந்து சொல்றாருங்க.”

“அன்னைக்கு ஃபேனு, இன்னைக்கு ஸ்பிரிங்கா? நான் பஸ் எப்பன்னு கேட்டேன்.”

பதினொன்று ஐந்துக்கு என்றார் சகாயராணி. அதற்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. ஜேக்கப் கேட்டுக்கு வெளியே, சுவருக்குப் பின்னால் போய் நின்றார். சுவர் இடுப்புயரம். கழுத்தை நீட்டாமலே உள்ளே பார்க்க வசதியான உயரம்.

ஸ்தனிஸ்லாஸுக்கு இரண்டு வழி இருந்தது. எழுந்து போய்க் கையைப் பிடித்து அழைக்கலாம். அதற்குள் கொக்கி முழுக்க வழுக்கினால் யார் மேல் பாயும் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்தே இருந்தால் அண்ணன் போய்விடுவார். அவர் உட்கார்ந்தே இருந்தார். ஸ்பிரிங்கின் முனைக்கு நேராக வராமல் பக்கவாட்டில் நகர்ந்து, இந்தத் திருகில் அரைச் சுற்று, அந்தத் திருகில் அரைச் சுற்று என்று இளக்கத் தொடங்கினார். அவசரப்பட்டு ஒன்றை மட்டும் இளக்கினால் இன்னும் வளையும். அவர் கழுத்தில் வியர்வை ஓடியது.  சகாயராணி செம்போடு பாதி வழியில் நின்றுகொண்டிருந்தார்.

பஸ் வந்து கேட்டருகே நின்றபோது இன்னும் நாலைந்து சுற்று மீதி இருந்தது. நடத்துனர் படியில் நின்று, “பெரியவரே, ஏறுங்க,” என்றார். ஒரு நிமிடம் என்று ஜேக்கப் ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். இரண்டு விசில் கேட்டது. அவர் திரும்பவில்லை, தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் போயிற்று.

கடைசிச் சுற்றில் கொக்கி தானாகக் கழன்று, ‘டிங்’ என்று தரையில் விழுந்தது. அவ்வளவுதான். கூரை எதுவும் பறக்கவில்லை.

ஸ்தனிஸ்லாஸ் காலை ஊன்றி எழுந்து, லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனார்.

“வாங்கண்ணா.”

ஜேக்கப் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணுமே ஆகலையேடா.”

“ஆயிருந்தா உங்கள வாங்கன்னு யாரு கூப்புடறது?”

ஜேக்கப் தக்காளிப் பையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். சகாயராணியின் செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். எண்ணெயைத் துடைத்துவிட்டுத் திரும்ப அமுக்கும்போது தான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றார். பத்தடி தள்ளி நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். எட்டடிக்கு நகர்த்திக்கொண்டார்.

மறுநாள் கோயிலில் பேத்தியின் மெழுகுவத்தியை ஏற்றியது அவர்தான். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறையாவது பச்சை கேட் வீட்டுக்கு வருகிறார். அந்தச் சனிக்கிழமை பஸ் நிற்காமலே போய்விட்டதால்தான் உள்ளே வர நேர்ந்தது என்று யார் கேட்டாலும் சொல்கிறார். பஸ் நின்றதைச் சகாயராணியும் பார்த்தார். அவர் அதைப் பற்றி இதுவரை பேசியதில்லை.