ஃபெலிங்கின் சலூன்

சட்டைக்கு வெளியே தொங்கும் மாதா பதக்கத்தை முதுகுப் பக்கம் திருப்பிப் போட்ட பிறகுதான் ஃபெலிங் வேலையைத் தொடங்குவாள். "இதையெல்லாம் மாதா எதுக்குப் பாக்கணும்?" என்பாள். பிறகு மேசைமேல் நிற்கும் நாயின் காதருகே குனிவாள். அது கிழட்டு நாயோ, போன வருஷத்துக் குட்டியோ, அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரே பேச்சுதான்: "கோச்சுக்காத கண்ணு. உனக்கும் பிடிக்கல, எனக்கும் பிடிக்கல. சீக்கிரம் முடிச்சுக்கலாம்."

கையுறை மாட்டிய இரண்டு விரல்கள் மட்டும்தான் அங்கே இருக்கும். கண் சுவர்க் காலண்டரில் இருக்கும். வாய் ஞாயிற்றுக்கிழமைக் கோயில் பாட்டை முணுமுணுக்கும். நாயின் ஆசனவாய்க்கு இரு பக்கமும், கடிகாரத்தில் நான்கும் எட்டும் இருக்கும் இடத்தில், தோலுக்கடியில் இரண்டு சிறு சுரப்பிப் பைகள் உண்டு. மலம் கெட்டியாகப் போகிற நாய்க்கு அவை தானாகவே காலியாகிவிடும். ஆகாத நாய்க்கு அடைத்துக்கொள்ளும், கனக்கும், அரிக்கும். ஃபெலிங் அவற்றைப் "பொட்டலம்" என்றுதான் சொல்வாள். "இடது பொட்டலம் காலி. வலது கொஞ்சம் பிடிவாதம்" என்று காலண்டரைப் பார்த்தபடியே அறிவிப்பாள். பஞ்சில் பழுப்பாக ஏதோ இறங்கும். மூன்று நாள் வெயிலில் கிடந்த மத்தி மீனைத் துருப்பிடித்த தகர டப்பாவில் அடைத்துத் திறந்ததுபோல ஒரு வாடை அறை முழுக்கப் பரவும்.

இலோய்லோ நகரத்தில், லா பாஸ் சந்தைக்குப் பின்னால் இருக்கும் நாய் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பத்தொன்பது வருஷமாக இதுதான் அவளுக்கு வேலை. குளிப்பாட்டுவாள், முடி வெட்டுவாள், நகம் வெட்டுவாள், பொட்டலம் பார்ப்பாள். முதல் மூன்றையும் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். நாலாவதுக்குத்தான் ஊரின் மறுகோடியிலிருந்தெல்லாம் நாய்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தேவையில்லாமல் அவள் தொடமாட்டாள். "சும்மா சும்மா அமுக்கினா அதுவே வியாதியாயிடும். சிவந்து வீங்கியிருந்தா நான் கையே வைக்க மாட்டேன். அது டாக்டரம்மா வேலை."

வேலை முடிந்ததும் சோப்பு, காப்பித்தூள், குட்டி எலுமிச்சை, மறுபடி சோப்பு. அப்புறம் விரலை முகர்ந்து பார்ப்பாள். வீட்டுக்குப் போகும் ஜீப்னி என்ற ஷேர் வண்டியில் வாசல் ஓரத்து இடம் கிடைத்தால்தான் ஏறுவாள். காற்று வாடையை அடித்துக்கொண்டு போய்விடும். பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளித்தால், அவர் வாய் திறக்கும் முன்னே இவள் சொல்லிவிடுவாள்: "கருவாட்டு வியாபாரம்." அந்த ஊரில் கருவாட்டு வாடையை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. கோயில் பாட்டுக் குழுவில் அவளோடு பாடும் பெண்களும் இத்தனை வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மகன் ரொமாரைக் கப்பல் படிப்பு படிக்க வைத்தது இந்த வேலைதான். அவன் மூன்றாம் அதிகாரியாக இரண்டு முறை கடல் சுற்றி வந்து, ஹாரோ பக்கம் பெரிய வீட்டுப் பெண் ஜாஸ்லினைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். பெண் கேட்டுப் போவதற்கு முதல் நாள் அம்மாவுக்கு ஒரு சேதி வைத்திருந்தான்.

"அம்மா, நீ சலூன் வச்சிருக்கிறதாச் சொல்லியிருக்கேன்."

"எதுக்குடா பொய்?"

"பொய் எங்க? முடி வெட்டுற, நகம் வெட்டுற, குளிப்பாட்டுற. அப்ப அது சலூன்தானே?"

இருவரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் அவனைப் பார்க்கவில்லை.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வாட்டிய பன்றிக்காலும் தேங்காய்ப்பால் புட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஜாஸ்லினின் அம்மா மிலாக்ரோஸ், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்த பத்தாவது நிமிஷமே ஃபெலிங்கின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சம்பந்தியம்மா, என் முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது. உங்க தொழில்ல பாத்திருப்பீங்களே, என்ன போடலாம்?"

"கற்றாழை போடுங்க," என்றாள் ஃபெலிங். சொறி பிடித்த நாய்களுக்கு அவள் வழக்கமாகச் சொல்வது அது.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து பிங்க்கி வந்தாள். வெள்ளை ஷிட்ஸு நாய், பத்து வயது, வயிறு தரையைத் தொடும் அளவுக்குக் கொழுப்பு. கூடத்து நடுவே வந்ததும் பொத்தென்று உட்கார்ந்து, பின்னங்கால்களை முன்னே நீட்டி, முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு, பளபளக்கும் தரையில் பின்புறத்தைத் தேய்த்தபடியே விருந்தாளிகள் முன்னால் ஊர்வலம் போனாள்.

"பிங்க்கி! மானத்த வாங்காத!" மிலாக்ரோஸ் செருப்பைக் கழற்றி ஓர் அடி வைத்தார். "பூச்சி மருந்து ரெண்டு தடவ குடுத்தாச்சு. வேணும்னே பண்ணுது சம்பந்தியம்மா. ஆளுங்க வந்தாப் போதும், ஆரம்பிச்சிடும்."

வாடை வேறு யாருக்கும் தெரியவில்லை. ஃபெலிங்கின் மூக்குக்குத் தெரிந்தது. அவள் தலை குனிந்துகொண்டாள். அத்தனை பேர் இருந்த கூடத்தில் பிங்க்கி நேராக அவளிடம் வந்தாள். பாவாடையை முகர்ந்தாள். என்னதான் துவைத்தாலும் அதில் நூறு நாய்களின் சேதி இருந்திருக்கும். பிறகு திரும்பி, முதுகைக் காட்டி, அவள் பாதத்தின்மேல் சாய்ந்து நின்றாள்.

"பாருங்க, உங்கள எவ்வளவு பிடிச்சிருக்கு!" என்றார் மிலாக்ரோஸ்.

மேலிருந்து பார்க்க எல்லாமே தெரிந்தது. வாலுக்குக் கீழே முடி நனைந்து ஒட்டியிருந்தது. நாய் நக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. வலது பக்கம் திராட்சைப் பழம் அளவு வீக்கம். தோல் சிவக்க ஆரம்பித்திருந்தது. இன்றோ நாளையோ டாக்டரிடம் கொண்டுபோனால் மருந்தோடு முடியும். விட்டால் உடையும். பின்னறையில் இருந்திருந்தால் இந்நேரம் "டாக்டரம்மா!" என்று குரல் கொடுத்திருப்பாள்.

அவள் வாயைத் திறந்தாள். எதிர் நாற்காலியில் ரொமார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல நாய்," என்றாள். சொல்லிக்கொண்டே பாதத்தை மெல்ல உருவிக்கொண்டாள்.

பிடிமானம் போன பிங்க்கி மறுபடி தரையில் உட்கார்ந்து தேய்த்தாள். மறுபடி செருப்படி. பின்கட்டில் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். கல்யாணத்தைப் பிப்ரவரியில் வைப்பது என்று பேசி முடிக்கும்வரை கதவுக்குப் பின்னாலிருந்து முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஃபெலிங் இரண்டு முறை புட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வாய்க்குள் ஏதாவது இருக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகனிடம் சொன்னாள். "அந்த நாய்க்குப் பின்னாடி சீழ் கோத்திருக்குடா. ஃபோன் பண்ணிச் சொல்லிடலாமா?"

"எப்படித் தெரியும்னு கேப்பாங்களேம்மா."

"யாரோ சொன்னாங்கன்னு சொல்றது."

"ரெண்டு நாள் போகட்டும். அவங்களே பாத்துப்பாங்க."

அவள் ஃபோன் செய்யவில்லை. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. புதன்கிழமை ஃபோனைக் கையில் எடுத்து, மிலாக்ரோஸின் பேர் வரைக்கும் போய், அப்படியே வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியின் முன்னறையில் அந்தக் குரல் கேட்டது. "ரத்தம் நிக்கவே இல்ல டாக்டர், சோபா பூரா ரத்தம்!" ஃபெலிங் பின்னறையில் ஒரு நாய்க்கு முடி உலர்த்திக்கொண்டிருந்தாள். எந்திரத்தை நிறுத்தினாள். ஈர நாயைக் கூண்டில் விட்டாள். பின்கதவைத் திறந்து சந்துக்குள் போய்க் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே நின்றாள். அங்கிருந்து பெரிய தெரு இருபது அடி. போய்விடலாம் என்றே நினைத்தாள். பத்தொன்பது வருஷத்தில் வேலை நேரத்தில் அவள் அந்தக் கதவுக்கு வெளியே நின்றதே இல்லை.

"ஃபெலிங்! எங்க போன? வந்து பிடி!" டாக்டரம்மாவின் குரல்.

போனாள். ஏப்ரனில் உலர்த்திய நாயின் முடி ஒட்டியிருந்தது. மிலாக்ரோஸ் நிமிர்ந்து பார்த்தார், குனிந்தார், மறுபடி நிமிர்ந்து பார்த்தார். ஃபெலிங் பிங்க்கியின் தலையைத் தன் தோளில் சாய்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டாள். நாய் அவளை அடையாளம் கண்டு கழுத்தை நக்கியது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

டாக்டர் முடியை ஒதுக்கி வெட்டினார். வலது பக்கம் தோல் உடைந்து விரல் நுழையும் அளவு ஓட்டை. "நாலஞ்சு நாளா வலி உயிரெடுத்திருக்கும். தரையில தேச்சிருக்குமே, பாக்கலையா?"

"தேச்சுது டாக்டர். செருப்பால அடிச்சேன்." மிலாக்ரோஸ் அழ ஆரம்பித்துவிட்டார். "எனக்குத் தெரியல. பூச்சின்னு நெனச்சேன். யாரும் சொல்லவும் இல்ல."

யாரும் ஃபெலிங்கைக் கேட்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் விஷயம் சலூன் பொய்யோடு முடிந்திருக்கும். ரொமார் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பான்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

டாக்டரின் கத்தரிக்கோல் நின்றது.

"என் காலடியில வந்து நின்னுச்சே, அப்பவே பாத்தேன். வீங்கிச் சிவந்திருந்துச்சு. சொன்னா எப்படித் தெரியும்னு கேப்பீங்கன்னு வாய மூடிட்டேன்."

மிலாக்ரோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அந்தக் கற்றாழை?"

"அது நாய்ங்களுக்குச் சொல்றது."

யாரும் சிரிக்கவில்லை. மிலாக்ரோஸ் நெடுநேரம் பிங்க்கியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னார்: "நீங்க சலூன் வச்சிருந்தா என்ன, வைக்காட்டி எனக்கென்ன? நாலு நாள் சம்பந்தியம்மா. ராத்திரி பூரா முனகுச்சு. அடிவாங்கிட்டும் முனகுச்சு." அதற்குமேல் அவர் ஃபெலிங்கின் பக்கம் திரும்பவே இல்லை. புண்ணைக் கழுவி, மருந்து கொடுத்து, நக்க முடியாதபடி கழுத்தில் கூம்பு மாட்டியதும் நாயை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கல்யாணம் நிற்கவில்லை. ஜாஸ்லின் ஃபோனில், "அம்மா அதப் பத்திப் பேசவே மாட்டேங்கறாங்க அத்தை, பேசாம விட்டுடுங்க," என்றாள். ரொமார் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஃபோன் பண்ண வேணாம்னு நான்தானம்மா சொன்னேன்," என்றான். அவள் அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். "கையில ஃபோன வச்சிருந்தது நான்தானேடா," என்றாள்.

இப்போது ஜீப்னியில் யாராவது மூக்கைச் சுளித்தால் "நாய் வேல பாக்கறேன்" என்று சொல்லிவிடுகிறாள். சிலர் நகர்ந்து உட்காருகிறார்கள். அவளும் சுருங்கி இடம் விடுகிறாள். தெருவில் எந்த நாயாவது தரையில் தேய்ப்பதைப் பார்த்தால் மட்டும் அவளுக்குக் கூச்சம் போய்விடுகிறது. போன மாதம் காரை நிறுத்திவிட்டு, தரையில் தேய்த்த தன் நாயை அடித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டாள். "அடிக்காதீங்க சார். பழக்கம் இல்ல அது, வலி. வாலத் தூக்கிப் பாருங்க." அவர் இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போனார். இவள் பின்னாலேயே பத்தடி போய், "இன்னிக்கே பாருங்க சார்!" என்று கத்தினாள். அப்போது பாட்டுக் குழுப் பெண்கள் இரண்டு பேர் அவளோடு இருந்தார்கள்.

பிங்க்கிக்குப் புண் ஆறிவிட்டது. உடம்பு குறைய வேண்டும், சாப்பாட்டில் வேகவைத்த பூசணிக்காய் சேர்க்க வேண்டும், மாதம் ஒருமுறை கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர். முதல் மாதம் வேலைக்காரப் பெண் தூக்கி வந்தாள். இரண்டாம் மாதமும் அவள்தான். ஃபெலிங் ஒவ்வொரு தடவையும் முன்வாசலை எட்டிப் பார்த்தாள், பிறகு நாயை வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் பின்னறைத் திரை விலகியது. மிலாக்ரோஸ், இடுப்பில் நாயோடு நின்றார். ஃபெலிங் உட்காரச் சொல்ல ஒரு ஸ்டூலைத் தேடினாள். அதன்மேல் துவைக்காத துண்டுகள் குவிந்திருந்தன.

"முன்னால இருங்க சம்பந்தியம்மா, நான் கொண்டாந்து தரேன். இங்க நாத்தம் தாங்காது."

மிலாக்ரோஸ் போகவில்லை. பிங்க்கியை மேசைமேல் நிறுத்தினார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். இளஞ்சிவப்புச் சாயம் பூசிய நகங்களோடு நாயின் வாலைப் பிடித்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, மேலே தூக்கினார். பிடி நடுவாலில் இருந்தது, நாய் நெளிந்தது.

ஃபெலிங் அவர் முகத்தைப் பார்க்காமல், கையுறை போடாத இடது கையால் அந்த விரல்களைத் தொட்டு, வாலின் அடிப்பக்கத்துக்கு மெல்ல நகர்த்தி வைத்தாள்.