அம்மா பெடல் சுற்றிய பிற்பகல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசு நம்புகிற ஆள் இல்லை. முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவன். சுடலைப் பக்கத்து வீதியால் தனியாகச் சைக்கிளில் வந்து பழகியவன், சாத்திரம் கேட்கப் போகிற என் மனைவி மலரைக் கேலி பண்ணி அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டியவன். அதனால் நான் சொல்வதை நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கு ஒன்றும் குறையாது. நடுச்சாமம், நாய் ஊளை, அப்படியெல்லாம் எதிர்பார்க்கவும் வேண்டாம். பட்டப்பகல், பின்னேரம் மூன்று மணி, புத்தூரில் எங்கள் வீட்டு விறாந்தை, முற்றத்தில் பாயில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு. அதற்கு இரண்டு வருடம் முந்தி என் தம்பி தவம், முழுப்பெயர் தவராசா, கொழும்புக்குப் போகிறேன் என்று சைக்கிளில் வெளிக்கிட்டவன். சண்டையால் தரைப்பாதை மூடிக் கிடந்த அந்தக் காலத்தில் குடாநாட்டை விட்டுப் போவதென்றால் கிளாலியில் வள்ளம் ஏறிக் கடல்நீரேரியைக் கடக்க வேண்டும், கடந்தவர்களும் உண்டு, கரை சேராதவர்களும் உண்டு. தவம் வள்ளத்தில் ஏறினானா, ஏறி என்ன ஆனான் என்று சொல்ல ஒரு சீவன் இல்லை. நான் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. போகிற இடமெல்லாம் பெயரை எழுதுவார்கள், அறிவிக்கிறோம் போய்வாருங்கள் என்பார்கள். ஒரு கட்டத்தில் எனக்குச் சீ என்று போய்விட்டது.

இதற்குள் சொந்தக்காரர் வேறு, "அந்தியேட்டியைச் செய்யுங்கோ, பொடியன்ரை ஆத்துமா அலையுது" என்று. செத்த முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியை அது, அதைச் செய்தால் ஆள் செத்ததை வீடு ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அம்மா அசையவே மாட்டார். தவத்தின் தேத்தண்ணிக் கோப்பையை ஒவ்வொரு நாளும் கழுவிக் கவிழ்த்து வைப்பார். "செத்தவனுக்கெல்லோ அந்தியேட்டி. அவன் செத்ததை ஆர் கண்டது?" என்பார். ஒருவரும் காணவில்லைதான், ஆனால் எத்தனை நாளைக்கு இப்படி? அவரோடு கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தவம் செத்துவிட்டான் என்றாவது யாராவது வந்து சொல்லமாட்டார்களா என்று நான் ஏங்கிய நாட்கள் உண்டு.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர் வாசிகசாலைக்கு ஒரு பெட்டி வந்தது. மலாயாவில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்திருந்த பென்சன்காரர் ஒருவர் காலமாகிவிட்டார், அவருடைய பெட்டி நிறைய ஸ்பூல் ரேப், அதாவது ஒலிநாடாச் சுருள். உலக யுத்தத்தில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்தபோது அங்கே அகப்பட்டுப்போன எங்கள் சனம் வானொலியில் தங்கள் தங்கள் வீட்டுக்குச் சொன்ன செய்திகள் அவை. மனுசன் வானொலியில் வேலை செய்தவராம், தட்டில் பதிந்ததைக் காப்பாற்றி வைத்துப் பிறகு ரேப்பில் ஏற்றியிருக்கிறார். வாசிகசாலைக்குச் செயலாளர் நான். யார் பேசுகிறார், எந்த ஊர் என்று கேட்டுக் கொப்பியில் எழுது என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சொல்லுவது சுகம். கரண்ட் இல்லாமல் நாலு வருடம். ரேப்பைப் போட்டுக் கேட்கப் பெட்டிக்குள் இருந்தது ஆறு பற்றறி போடுகிற சின்ன மெசின், பற்றறியோ அரசாங்கம் தடைசெய்த சாமான், கண்ணால் காணக் கிடைக்காது. வேறென்ன, எல்லா வீட்டிலும் ரேடியோ கேட்கிற மாதிரித்தான், சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லோடு டைனமோவை ஒட்டி, பெடலைக் கையால் சுற்றுவது. மெசினுக்குள் இருந்த ரப்பர் பட்டி உருகிப்போயிருந்தது, பழைய சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டிப் போட்டேன். வேகமாகச் சுற்றினால் பேசுகிற ஆள் கீச்சிடுவார், ஆறுதலாகச் சுற்றினால் எருமை மாதிரி இழுப்பார். சுற்றிக்கொண்டு எழுத முடியாது, எழுதிக்கொண்டு சுற்ற முடியாது. மலர் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "எப்பவோ முடிஞ்ச சண்டையிலை ஆர் சுகம் எண்டு கேக்க எனக்கு நேரமில்லை, அடுப்பிலை உலை கொதிக்குது" என்று எழும்பிப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தில் கொப்பியைத் தூக்கி மிளகாய்ப் பாயில் எறிந்தேன்.

அம்மா அதைப் பொறுக்கி, தூசு தட்டி, என் மடியில் வைத்தார்.

"தள்ளு, நான் சுத்துறன்" என்றார்.

பலகையைப் போட்டு இருந்து, ஆட்டுக்கல்லில் உழுந்து அரைக்கிற மாதிரி, ஒரே சீராகச் சுற்றத் தொடங்கினார். அவ்வளவுதான், மனிதக் குரல் மனிதக் குரலாக வந்தது. எல்லாருடைய செய்தியும் ஒரே மாதிரி. பெயர், தகப்பன் பெயர், ஊர், நான் சுகம், இன்ன இடத்தில் இருக்கிறேன். ஒருவர் ஈப்போ, ஒருவர் பினாங்கு. நானும் எழுதிக்கொண்டே போனேன். மூன்றாவது ஸ்பூலில் இணுவில்காரர் ஒருவர் பேசி முடித்தார், அடுத்த குரல் வந்தது. பேசுவதற்கு முன்னால் மூக்கை ஒருதரம் உறிஞ்சியது. தவத்துக்குச் சின்ன வயதிலிருந்து அந்தப் பழக்கம், எத்தனை குட்டு வாங்கியும் விடாதவன்.

"புத்தூர் கிழக்கு, காலஞ்சென்ற கந்தையாவின்ரை மகன் தவராசா கதைக்கிறன். அம்மா, நான் நல்ல சுகம், ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. சைக்கிள் கிளாலியிலை கடலடிக்குப் போற ஒழுங்கையிலை, மூண்டாவது வீட்டுக் கிணத்தடி வேம்போடை பூட்டி நிக்குது. மற்றத் திறப்பு பிள்ளையார் படத்துக்குப் பின்னாலை வைச்சனான். அண்ணையைப் போய் எடுக்கச் சொல்லுங்கோ. அண்ணை கத்துவார், கத்தட்டும்."

உடனே ஒரு கோப்பாய்க்காரர் தொடங்கிவிட்டார், கிணறு வெட்டி முடிந்ததா என்று கேட்டுக்கொண்டு.

கொப்பியில் "புத்தூர் கிழக்கு, கந்தையா மகன்" என்பதோடு என் எழுத்து நின்றிருந்தது. அம்மா பெடலை விட்டார். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு சாமியறைக்குப் போனார், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் கையை விட்டார், சைக்கிள் பூட்டின் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார். வருடத்துக்கு இரண்டு தரம் படமெல்லாம் இறக்கித் துடைக்கிற வீடு எங்கள் வீடு. அந்தத் திறப்பை மலரும் கண்டதில்லை, நானும் கண்டதில்லை.

ரேப்பைப் பின்னுக்கு ஓடவிட்டு, நானே பெடலைச் சுற்றினேன். இணுவில்காரர் பேசினார். அடுத்தது வேறு யாரோ ஒரு வயசாளி, ஈப்போவில் சுகமாக இருக்கிறேன், பசு கன்று போட்டுவிட்டதா என்கிறார். பிறகு கோப்பாய்க்காரர். எட்டுத் தரம் போட்டேன், எட்டுத் தரமும் அந்தப் பசுதான்.

"அம்மா, ஒருக்காச் சுத்துங்கோவன்" என்று கெஞ்சினேன்.

"அவன் சொல்லிப்போட்டான். திரும்பத் திரும்பக் கேட்டுப் பிள்ளையைக் கரைச்சல் படுத்தாதை."

கத்தினேன், அழுதேன், காலில் விழாத குறை. அம்மா அதற்குப் பிறகு அந்தப் பெடலைத் தொடவே இல்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விடிய முந்தி மீசாலை வழியாகக் கிளாலிக்கு மிதித்தேன். ஒழுங்கை இருந்தது, மூன்றாவது வீடு இருந்தது, கிணற்றடி வேம்போடு தவத்தின் சைக்கிளும் நின்றது. செயின் கறள் பிடித்துச் சிவந்துபோயிருந்தது, கைபிடியில் குளவி கூடு கட்டியிருந்தது. ஆனால் இரண்டு ரயரிலும் காற்றுக் கல்லு மாதிரி. இரண்டு வருடம் நின்ற சைக்கிள். நேற்றுக் காற்றடித்த சைக்கிளே அந்தக் காலத்து ரியூப்பில் இன்றைக்குச் சப்பையாகிவிடும்.

"அக்கா, நீங்கள் காத்து அடிச்சனீங்களோ?" என்று அந்த வீட்டு மனுசியைக் கேட்டேன்.

"எங்களிட்டைப் பம்ப் எங்கை தம்பி இருக்கு? என்ரை சைக்கிளுக்கே நாலு வீடு இரந்து திரியிறன்."

"விட்டிட்டுப் போன பொடியன் எந்த வள்ளத்திலை ஏறினவன்?"

"அதை நான் பாக்கேல்லை. வந்து எடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டுக் கடலடிக்கு நடந்தவர்."

ஒரு கையால் என் சைக்கிளையும் மற்றக் கையால் அவனுடையதையும் பிடித்து உருட்டிக்கொண்டு வந்தேன், வழி முழுக்க வாய்விட்டு அவனைத் திட்டினேன், கண்டவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். பின்னே என்ன? எந்த ஒழுங்கை, எத்தனையாவது வீடு, என்ன மரம், திறப்பு எங்கே, எல்லாம் சொன்னான். ஜப்பான்காரன் துவக்கோடு பக்கத்தில் நிற்கப் பேசியவர்கள்கூடத் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். என் தம்பி சைக்கிளுக்கு விலாசம் சொன்னான், தனக்குச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. "சுகம் எண்டிட்டானெல்லோ" என்றார். அதோடு அந்தியேட்டிக் கதை எங்கள் வீட்டில் நின்றுபோனது.

அடுத்த வருடம் சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது ரேப் பெட்டியும் கொப்பியும் வீட்டோடு போயின. மழைக்குள் அம்மாவைத் தவத்தின் சைக்கிள் கரியரில் இருத்தி மீசாலை வரை தள்ளினேன். வழியெல்லாம் சனம் காற்றுப் போன சைக்கிள்களோடு நின்று தவித்தது, எங்களுடையது ஒருதரம்கூட இறங்கவில்லை. அந்த மார்கழியிலேயே அம்மா போய்விட்டார். முப்பத்தோராம் நாள் ஐயர் கேட்டார், "உங்கடை வீட்டிலை வேறை ஆரும் காலமான ஆக்கள் இருக்கினமோ, சேர்த்துச் செய்வம்" என்று. தவம் என்ற பெயர் வாய்வரை வந்தது. எதிரில் பனையோடு சாத்தியிருந்த சைக்கிளைப் பார்த்தேன்.

"இல்லை ஐயா" என்றேன்.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. எனக்குப் பிறகு அவனுக்குச் செய்வதா விடுவதா என்று முடிவெடுக்கக்கூட ஆள் இல்லை, எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சைக்கிள் என் விறாந்தையில் நிற்கிறது. மேல் ரயர் வெடித்து நூல் தெரிகிறது, ரியூப்பை நான் மாற்றியதே இல்லை, வீட்டில் பம்பும் வாங்கி வைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் விடிய எழும்பியதும் பெருவிரலால் முன்சில்லை அமத்திப் பார்ப்பேன், மலர் தலையில் அடித்துக்கொள்வாள். சப்பையாகிக் கிடந்தால் அன்றைக்கே ஐயரிடம் போவதாக இருக்கிறேன். சரி, காற்றடிக்க விறாந்தை வரை வருகிறவனுக்கு, அண்ணை நான் இன்ன இடம் என்று ஒரு சொல்லுச் சொல்ல வாய் இல்லையா? இன்றைக்குக் காலையும் அமத்திப் பார்த்தேன். கல்லு மாதிரித்தான் இருந்தது.