மார்க் பத்தொன்பது எழுபது

ஐயாத்துரை பேரம் பேசாமல் வாங்கியது பெண்சாதி ஒன்றைத்தான் என்று வேலணையில் பகிடி சொல்வார்கள். அதுவும் சரியில்லை, தாலிக்குப் பொன் விலை இறங்கட்டும் என்று கலியாணத்தையே இரண்டு மாதம் தள்ளிப் போட்ட மனுசன் அவர் என்பாள் அந்தப் பெண்சாதி இராசமணி. கொழும்பில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த சாரத்தோடு கப்பலேறி ஊருக்கு வந்து, அடுத்த வருடமே ஜேர்மனிக்குப் போய்விட்டார்.

அங்கேயிருந்து காசு உண்டியலில் வரும். அவர் அங்கே ஒருவரிடம் ஜேர்மன் மார்க்கைக் கொடுப்பார். கொழும்புக்குச் செய்தி போகும். சில நாளில் வங்களாவடிச் சந்தியில் புடைவைக்கடை வைத்திருக்கும் ஏரம்பர் இராசமணியிடம் ரூபாயை எண்ணிக் கொடுப்பார். ஐயாத்துரை அங்கே காசு கொடுத்த நாளில் பேப்பரில் மார்க் என்ன விலையோ, அதற்கு மேல் ஐம்பது சதம். அது ஏரம்பர் மாற்றாத கணக்கு.

ஐயாத்துரை மாதாமாதம் அனுப்புகிறவர் அல்ல. மார்க் எட்டு ரூபாயில் கிடந்த காலத்தில், வீட்டில் மா இல்லை என்று எழுதியும் பாதிதான் அனுப்பினார். "பொறு, ஏறும்" என்று ஒரு வரி வந்தது. ஏறியது. பன்னிரண்டு, பதினாறு என்று ஏறி, எண்பத்தேழு மார்கழியில் பத்தொன்பதைத் தாண்டியது. அப்போது ஆயிரம் மார்க்கை ஒரேயடியாக அனுப்பினார். கையில் வந்த விலையைப் பார்த்தே, இன்ன நாளில் இவர் சந்தோசமாக இருந்திருக்கிறார் என்று இராசமணி தெரிந்துகொள்வாள். இந்தியன் ஆமியின் சண்டை தொடங்கிய பிறகு கடிதங்கள் வருவதில்லை. ஒருவருக்கும் வருவதில்லை. அதனால் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

தை பிறந்ததும் மார்க் இறங்கத் தொடங்கியது. இனி ஏறும்வரை ஒன்றும் வராது என்று அவள் அரிசியை அளந்து போட்டாள். மாசியில் ஏரம்பர் கூப்பிட்டு ஐந்நூறு மார்க்குக்கான ரூபாயைக் கொடுத்தார். பங்குனியிலும் ஐந்நூறு. சித்திரையில் விலை இன்னும் விழுந்திருந்தது, அப்போதும் அதே ஐந்நூறு.

"உன்ர மனுசன் ஒருமாதிரித் திருந்தியிட்டார்" என்றாள் ஐயாத்துரையின் தமக்கை செல்லாச்சி. இராசமணியும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து நித்திரை சரியில்லை.

விலை பார்க்காமல் காசு அனுப்புகிற அந்த ஆள் யார்?

அல்லைப்பிட்டியிலிருந்து மீன் கொண்டு வரும் அந்தோனியம்மா சொன்ன விலையை இராசமணி அப்படியே கொடுத்தால், முதுகுக்குப் பின்னால் "த்சு" என்று ஒரு சத்தம் கேட்கும். யாராவது விலையில் ஏமாறும்போது ஐயாத்துரை நாக்கைத் தட்டும் சத்தம். திரும்பினால் வெறும் குசினி. பிறகு பகலிலே, தேங்காய் எண்ணும்போதும், கோயில் தட்டில் காசு போடும்போதும் கேட்டது. ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், செத்தவர்தானே அப்படி வருவார் என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

கடைசியில் ஆனி மாதம் ஏரம்பரிடம் ஒரு செய்தி சொல்லிவிட்டாள். இப்போது விலை சரியில்லை, அனுப்ப வேண்டாம், மார்க் இருபதுக்கு வரட்டும் என்று. ஐயாத்துரை உயிரோடிருந்தால் அதைக் கேட்டு உள்ளம் குளிர்ந்து போவார். பெண்சாதி இப்போதுதான் வழிக்கு வந்தாள் என்று அங்கே கூட இருக்கிற பெடியளிடம் அறை முழுக்கச் சொல்லித் திரிவார்.

ஆவணியில் மார்க் அந்த வருடத்திலேயே அடிமட்டத்துக்கு வந்தது. காசும் வந்தது. ஐந்நூறு அல்ல, அறுநூறு.

விலை சரியில்லை என்றதை, காசு போதவில்லை என்ற குறையாக எடுத்து, யாரோ நூறு மார்க் கூட்டிப் போட்டிருக்கிறார்கள்.

ஏரம்பர் எண்ணி முடித்ததும் அவள் கேட்டாள்.

"ஏரம்பண்ணை, இதை ஆர் அனுப்புறது?"

"கூடத்தானே வந்திருக்கு, பிள்ளை."

"அதுதான் கேக்கிறன்."

ஏரம்பர் கடைக் கதவை ஒருக்களித்துவிட்டு வந்து சொன்னார். ஜேர்மனியில் ஐயாத்துரையோடு ஒரே அறையில் இருந்த பெடியள் ஐந்து பேர், ஆளுக்கு நூறு போட்டார்கள், இந்த முறை இருபது கூட. எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. தன்னிடமும் நயினாதீவு அம்மாள் மேல் சத்தியம் வாங்கியிருந்தார்கள்.

"எப்ப?"

"திகதி சொல்லேல்லை, பிள்ளை. நீர் கடைசியா எடுத்தனீரெல்லே, ஆயிரம் மார்க், பத்தொன்பது எழுபதுப்படி. அதைக் குடுத்திட்டு வெளியில இறங்கினவராம். பனிக்குள்ள விழுந்தவர், எழும்பேல்லையாம். வேணுமெண்டால் திகதியைக் கேட்டுச் சொல்லுறன்."

"வேண்டாம். கேட்டால் எனக்குத் தெரியுமெண்டு அதுகளுக்கு விளங்கியிடும். பிறகு கதை ஊருக்கும் வந்திடும்."

மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். தகப்பன் ஜேர்மனியில் என்பதுதான் அதில் பாதிச் சீதனம். இராசமணி பொட்டோடு போனாள், பொட்டோடு வந்தாள்.

ஆனால் செத்தவருக்குத் திதி வேண்டும். அடுத்த நாள் வாசிகசாலைக்குப் போய், மகள் படிப்புக்கு என்று சொல்லி, பழைய பேப்பர்க் கட்டை அவிழ்த்தாள். பத்தொன்பது எழுபதில் ஏரம்பரின் ஐம்பது சதத்தைக் கழித்தால் பத்தொன்பது இருபது. அந்த விலை இரண்டு நாளில் இருந்தது. பஞ்சாங்கத்தில் ஒன்று வளர்பிறை ஏகாதசி, மற்றது பூரணை கழிந்த துவிதியை. முந்திய நாளுக்குப் பிறகு விலை கொஞ்சம் ஏறி, மற்ற நாளில் திரும்பி இறங்கியிருந்தது. ஏறிக்கொண்டிருக்கும்போது விற்கிறவரா அவர்? இல்லை. அப்படியென்றால் பிந்திய நாள். ஆனால் குளிரும் வயதும் சேர்ந்து, போதும் என்று முந்திய நாளிலேயே நினைத்திருந்தால்?

மார்கழி வந்ததும் இரண்டு நாளும் மரக்கறி சமைத்து, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு இலை போட்டாள். நேர்த்தி என்று செல்லாச்சிக்குச் சொன்னாள். முதல் நாள் இலையில் சோற்றை வைக்கும்போது கை நின்றது. பிந்தியதுதான் சரியான நாள் என்றால், போன வருடம் இதே திதியில் அவர் உயிரோடிருந்திருக்கிறார். மார்க்கைச் சட்டைப் பைக்குள் வைத்தபடி, இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். உயிரோடிருந்த மனுசனுக்கா இலை போடுகிறாள்?

போடாமல் விடவும் ஏலவில்லை. அந்த வருடமும் அதற்கடுத்த வருடங்களிலும் இரண்டு நாளும் போட்டாள்.