வேகமாக ஓடிய பாட்டுப் பெட்டி

அந்தக் காலத்தில் நான் இரண்டே காரியத்துக்குத்தான் ஊரோடு சண்டை போடுவேன். வாடகை சைக்கிளைப் பஞ்சராக்கிக் கொண்டுவந்து, 'எடுக்கும்போதே காத்து இல்ல' என்று சாதித்தால் ஒன்று. அந்தப் பாட்டுக்காரரை யாராவது பழித்தால் இன்னொன்று. முதல் சண்டையில் பாதிக்குப் பாதி தோற்பேன். இரண்டாவதில் தோற்றதாக ஒப்புக்கொண்டதே கிடையாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குச் சைக்கிள் கடை. கூடவே ஒரு கிராமபோன் வைத்திருந்தேன், கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விட. கேரியரில் பெட்டியைக் கட்டி, குழாயை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு வன்னியம்பட்டி, கூமாப்பட்டி, ராஜபாளையம் என்று மிதிப்பேன். எங்கே போனாலும் முதலில் வைக்கும் பிளேட்டு அந்தப் பாட்டுக்காரருடையதுதான். மதுரைப் பக்கம் நாடகக் கம்பெனியில் பெண் வேஷம் கட்டியவர் அவர். எங்கள் ஊருக்கு அந்தக் கம்பெனி வந்ததே இல்லை. ஆனாலும் அவர் குரலை அறியாத வீடு இல்லை, என் பெட்டி தயவில். சேலை கட்டி, சடை முன்னால் விட்டு, மல்லிகைப்பூவோடு அவர் நிற்கும் படம் ஒன்று கடையில் மாட்டியிருந்தேன். காற்றடிக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்று, டயர் வெடிக்கும்வரை அடித்ததும் உண்டு.

பிறகு அவருக்குப் பெரியம்மை போட்டது. உயிர் தங்கியது, முகம் தங்கவில்லை. ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது. முடி கொட்டிப்போயிற்று. கம்பெனிக்காரர்கள் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்று வருடம் ஆள் எங்கே என்றே தெரியவில்லை. அப்புறம் திடீரென்று பெண் வேஷமும் இல்லாமல், ராஜா வேஷமும் இல்லாமல், வெறும் வேட்டி துண்டோடு மேடையில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தார். பவுடர்கூடப் பூசுவதில்லையாம்.

அவ்வளவுதான், வாய் இருந்தவனெல்லாம் பேசினான். என் கடைக்குத் தினம் வரும் வக்கீல் குமாஸ்தா ஒருவர் இருந்தார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர்தான் முன்னணி.

"ஏலே, பலாப்பழத் தோலுக்குப் பாட்டு எதுக்குலே? வீட்டோட கெடக்க வேண்டியதுதான?"

"பழம் உள்ளதான இருக்கு அண்ணாச்சி. நீங்க தோலயா திங்கீக?" என்பேன். "அம்மை போட்டவன் சோறு திங்கக் கூடாதா? பாடக் கூடாதா?" என்று காற்றடிக்கும் பம்பை ஓங்கிக்கொண்டு போன நாளும் உண்டு.

முகத்தைச் சொன்னால் எனக்குப் பதில் இருந்தது. குரலைச் சொன்னபோதுதான் திணறினேன். ராஜபாளையத்தில் அவர் முதல்முறை பாடியபோது நானும் போயிருந்தேன். பிளேட்டில் கேட்ட அந்த உச்சம் இல்லை. இரண்டு படி கீழே இறங்கி நின்றது குரல். 'பிளேட்டுல பாடுனவன் எங்கடா?' என்று கூட்டத்தில் கத்தினார்கள். அவர் பாதியில் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் குமாஸ்தா கேட்டபோது, "ஜலதோஷம்" என்று கூசாமல் புளுகினேன். உள்ளே எனக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது.

அடுத்த வருடம் எங்கள் ஊர் வாசகசாலைக்காகப் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கச்சேரி ஏற்பாடு ஆயிற்று. அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று மல்லுக்கு நின்றவன் நான். சுற்றுப்பட்டி ஆட்கள் இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும் என்று சாயங்காலம் நாலு மணிக்கு வைத்தார்கள். மத்தியான ரயிலில் வந்தவரை வண்டி வைத்துக் கடைக்கு அழைத்து வந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தார். சுவரில் இருந்த சேலைப் படத்தை ஒரு தரம் பார்த்தார், பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"எல்லா ஊரும் மூஞ்சியத்தான் சொன்னாக. அது பழகிப்போச்சு. கொரல் போச்சுன்னு சொன்னது உங்க பக்கந்தான். அதுலதான் ஆடிப்போயிட்டேன்" என்றார். "இன்னைக்கும் அப்படிக் கத்துனாகன்னா நிறுத்திருவேன். மச்சான் பலசரக்குக் கடை வச்சிருக்கான். புளி நிறுக்கப் போயிருவேன்."

அவரை உற்சாகப்படுத்துவதாக நினைத்துப் பெட்டிக்குச் சாவி கொடுத்து, அவருடைய பிளேட்டையே வைத்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்லாருக்கு. யாரு இந்தப் பிள்ள?"

"என்ன அண்ணாச்சி, நீங்கதான்!"

"நானா? இவ்வளவு ஒசந்த கட்டையில நான் பாடுனதே கெடையாதே!"

உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்த என் வீட்டுக்காரி நின்றுவிட்டாள். சர்ச்சில் ஞாயிறுதோறும் ஆர்மோனியம் வாசிக்கிறவள் அவள். ஒருநாள் என்னிடம், "உங்க பொட்டி எல்லாரையும் கீச்சுக் கீச்சுன்னு கத்த வைக்குதே" என்று சொன்னாள்தான். 'ஒனக்கு ஞானப்பாட்டுத்தான் தெரியும்' என்று வாயை அடைத்திருந்தேன். இப்போது அவள் ஆர்மோனியத்தைத் தூக்கிவந்து வைத்தாள். அவரைப் பாடச் சொன்னாள். அவர் எடுத்த சுருதியில் விரலை வைத்து அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பொட்டியோட வேகத் திருகக் கொறச்சுக்கிட்டே வாங்க."

குறைத்தேன். பாட்டு இறங்கி இறங்கி வந்தது. ஓர் இடத்தில் பிளேட்டும் ஆர்மோனியமும் அவர் குரலும் ஒன்றோடொன்று படிந்து நின்றன. குனிந்து பார்த்தேன். பெட்டி செய்த கம்பெனிக்காரன் போட்டு அனுப்பியிருந்த கோட்டில் வேகம் காட்டும் முள் அச்சாக நின்றது.

அந்தக் கோட்டைத் தாண்டித் திருகியவன் நான்தான். பெட்டி வாங்கிய புதிதில் ஒரு கல்யாண வீட்டில், 'என்னவே, இழவு வீட்டுப் பாட்டு மாதிரி இழுக்குது' என்றார்கள். விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று கூட்டி வைத்தேன். பிறகு மறந்தே போனேன். ஆறு வருடமாக எங்கள் ஊருக்கும் ராஜபாளையத்துக்கும் சுற்றுப்பட்டிக்கும் இல்லாத ஒரு குரலைப் பழக்கிவிட்டு, இருக்கிற குரலுக்காகச் சண்டை வேறு போட்டிருக்கிறேன். வேலியே பயிரை மேய்ந்த கதை. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"அப்போ கொரல் போகல?" என்று என் வீட்டுக்காரியிடம் கேட்டார்.

"இம்மி எறங்கல, அண்ணாச்சி" என்றாள்.

நாலு மணிக்கு மைதானம் நிறைந்திருந்தது. இரண்டாவது பாட்டிலேயே குமாஸ்தா எழுந்தார். "பிளேட்டுல உள்ளதப் பாடச் சொல்லுங்கய்யா!" பின்னால் நாலைந்து பேர் சீட்டி அடித்தார்கள். பாட்டுக்காரர் நிறுத்திவிட்டு என்னைத் தேடினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினேன்.

"குத்தம் அவிய மேல இல்ல. எம்மேல" என்று திருகின கதையை ஒன்று விடாமல் சொன்னேன். பெட்டியை முதலில் பழைய வேகத்தில் ஓட்டினேன். எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கீச்சுக் குரல். பிறகு முள்ளைக் கோட்டில் வைத்தேன். அவர் கூடவே பாடினார். முன்வரிசைக்குத்தான் பெட்டிச் சத்தம் கேட்டது. கேட்டவர்கள் திரும்பிப் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள், 'அதே கொரல்தாம்லே, அதேதான்.' மூன்று நிமிடத்தில் பிளேட்டு முடிந்தது. அவர் முடிக்கவில்லை. பிளேட்டில் இடம் போதாமல் விட்டிருந்த மிச்சத்தையெல்லாம் அன்று பாடினார். கூமாப்பட்டிக்காரர்கள் வண்டியில் பூட்டின மாட்டை அவிழ்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள்.

கச்சேரி முடிந்ததும் குமாஸ்தா என்னிடம் வந்தார். "ஏலே, எம் மூத்த மக கல்யாணத்துக்கும் இந்த ஓட்டப் பொட்டியத்தான வச்ச?" என்றார். கூட்டம் சிரித்தது. ஊர் மாதக்கணக்கில் என்னைக் கேலி பண்ணியது.

ஆறு மாதம் கழித்து எனக்கு ஒரு தபால் வந்தது. உள்ளே புதுப் போட்டோ. வேட்டி, துண்டு, தழும்பு முகம், பூ விழுந்த கண், எல்லாம் அப்படியே. நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். 'இனிமேல் நோட்டீஸில் இந்தப் படத்தையே போடச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்பிள்ளையை இறக்கிவிட்டு என்னை மாட்டவும்' என்று எழுதியிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் முகத்துக்காக ஊரெல்லாம் சண்டை போட்ட நானும் இத்தனை நாள் பழைய முகத்தைத்தான் மாட்டி வைத்திருந்தேன். உடனே ஸ்டூலில் ஏறி மாற்றினேன்.

அடுத்த தையில் குமாஸ்தா இரண்டாவது மகள் கல்யாணத்துக்குச் சொல்ல வந்தார். தேதியைக் குறித்துக்கொண்டு, பெட்டி எத்தனை நாளைக்கு வேண்டும் என்று கேட்டேன். அவர் சுவரில் இருந்த புதுப் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"பொட்டி வேண்டாம்லே" என்றார். "அவியளையே வரச் சொல்ல முடியுமா? எழுதிக் கேளு."

எனக்கு ஒரு கல்யாண வாடகை போயிற்று. அன்று சாயங்காலம் ஒருவன் பின்சக்கரம் பஞ்சராகி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, எடுக்கும்போதே காற்று இல்லை என்றான். சரி, வைத்துவிட்டுப் போ என்றேன்.