அப்பா விசாரித்து வாங்கிய பட்டம்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே மகள் எழுதுவது. அப்பாவைப் பற்றி உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை தெரியும். பெரும்பாலும் அதில் ஒரு மாடு இருக்கும். நான் சொல்லப்போவதிலும் மாடு வருகிறது. ஆனால் அப்பா விசாரித்தது மாட்டை அல்ல, நான் ஆசைப்பட்ட கணக்குப் படிப்பை.

காங்கேயத்துக்குத் தெற்கே, மழையை நம்பிச் சோளம் விதைக்கும் ஊரில் அப்பா பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பிறருடைய பண்ணையத்தில் ஆளாக இருந்து, மாடு மேய்த்து, மாட்டைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு, கடைசியில் மாட்டுத் தரகர் ஆனார். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு துண்டைப் போட்டுக் கையை மறைத்துக்கொண்டு, எதிராளியின் விரல்களைப் பிடித்துத் தொகையைச் சொல்வார்கள். பிடிக்கவில்லை என்றால் கையை உருவிக்கொள்வார்கள். சம்மதம் என்றால் மற்றொரு கையைத் துண்டின் மேல் வைத்து அழுத்துவார்கள். பேரம் முடிந்ததும் அப்பா அந்தத் துண்டை உதறித் தோளில் போடுவார். அந்த உதறலில் ஒரு மிடுக்கு இருக்கும்.

பொய் சொல்லாத மாட்டுத் தரகர் இருக்க முடியுமா என்று கேட்பவர்கள் அப்பாவைப் பார்த்ததில்லை. ஒரு பசுவுக்குச் சுழி, பல், திமில் எல்லாம் பார்த்த பிறகும் அவர் ஒரு வேலை செய்வார். அந்தப் பசு முன்பு ஈன்ற கன்றை யார் வாங்கினார்கள் என்று விசாரித்து, பஸ் ஏறிப் போய், அவர்களையே கேட்டுவிட்டு வருவார். “விக்கறவன்கிட்டக் கேட்டு என்னத்துக்குங்க? வாங்கி ஓட்டுனவன்கிட்டக் கேக்கோணுமுங்க” என்பார். போய்க் கேட்பதும் ஒரே கேள்விதான். அதே கன்று மறுபடியும் வந்தால் வாங்குவீர்களா?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பன்னிரண்டாம் வகுப்பு தேறினேன். கணக்கில் நல்ல மதிப்பெண். கோயமுத்தூரில் விடுதியில் தங்கிக் கணிதம் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அப்பாவின் அண்ணனான பெரியப்பா, எனக்காகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் வேலை சொல்லி வைத்திருந்தார். டைப்ரைட்டிங் மட்டும் முடித்தால் போதும். என் நன்மைக்குத்தான் சொன்னார். “கணக்குப் படிச்சா என்ன வேலைன்னு யாராச்சும் சொல்லுங்க பார்க்கலாம். மூணு வருசம் காசக் கொட்டிப்போட்டு, அப்புறம் வாத்தியார் படிப்புக்கு இன்னொரு வருசம் கொட்டோணும்” என்றார். கொட்ட வேண்டிய காசு, எங்கள் ஓட்டு வீட்டை இடித்து ஒழுகாத தார்சுக் கூரை போட அப்பா சேர்த்து வைத்திருந்தது. அந்தச் சேமிப்பு ஒன்றுதான் வீட்டில் இருந்தது.

அப்பா என்னைத் திட்டவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. “மாட்டுக்குச் சுழி பார்க்கலாம். படிப்புக்கு எதைப் பார்க்கறது? படிச்சவீகளப் போய்ப் பார்த்துப்போட்டு வாரேன். நீயும் வா கண்ணு” என்றார். டீக்கடை, பஸ், சந்தை என்று பார்த்தவர்களையெல்லாம் கேட்டு, கணக்கில் பட்டம் வாங்கிய மூன்று பேரைக் கண்டுபிடித்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் பின்னால் பஸ் ஏறினேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

முதலாமவர் காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்லில் ரசீது போடுபவர். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “ஏனுங்க, கணக்குப் படிச்சீங்களாமா. மறுபடியும் படிக்கச் சொன்னாப் படிப்பீங்களா?” என்றார். அவர் சிரித்துவிட்டார். “பன்னெண்டாவதோட இங்க வந்திருந்தா இந்நேரம் மேனேஜருங்க. மூணு வருசம் வீணாப் போச்சு” என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்தவர் ஈரோட்டில் வங்கி எழுத்தர், சொந்த வீட்டுக்காரர். வங்கிப் பரீட்சைக்குக் கணக்கு உதவியது என்று ஒப்புக்கொண்டார். “ஆனா மறுபடியும்னா காமர்ஸ்தானுங்க எடுப்பேன்” என்றார். திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அப்பா பார்க்காதது போல் இருந்தார்.

மூன்றாவது ஆள் சென்னிமலையில் ஒரு நெசவுக் குடும்பத்து மருமகள். முப்பது வயது இருக்கும். பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம், ஒரு நாள்கூட வேலைக்குப் போனதில்லை. நாங்கள் போனபோது தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அப்பாவின் கேள்வியைக் கேட்டதும் அவர் எழுந்துபோனார். காலிப் பாபின்களை அள்ளி வந்து தரையில் ஒன்றை நிறுத்தினார். அதன் இரண்டு பக்கத்திலும் மூலையிலுமாக மூன்றை நிறுத்தினார், சின்னச் சதுரம் ஆயிற்று. அதே இரண்டு பக்கத்தையும் ஒட்டி ஐந்து. மறுபடியும் சதுரம். ஏழு. மறுபடியும் சதுரம்.

“ஒத்தைப்படை எண்ணை ஒன்னுல இருந்து வரிசையாச் சேர்த்துக்கிட்டே போனா, எப்பவும் சதுரந்தானுங்க வரும்” என்றார்.

அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒன்பது பாபின்களைத் தம் கையாலேயே வைத்துப் பார்த்தார். பிறகு பதினொன்று. “எப்பவுமேங்களா?” என்றார். “எப்பவுமேங்க.” “ஆயிரம், லட்சம்னு போனாலுமுங்களா? ஒருக்காக்கூடத் தப்பாதுங்களா?” “தப்பவே தப்பாதுங்க. ஏன்னும் சொல்ல முடியும்” என்று சொல்லி, ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் ஒரு வரிசையும் மூலையில் ஒன்றும் கூடுவதைக் காட்டினார். அப்பாவின் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. வாழ்நாள் முழுவதும் சந்தையில் நின்றவர். அங்கே ஒரு வார்த்தையை நம்பி வாங்கிய மாடு மறுநாள் முட்டும், மடி வற்றும். எப்பவுமே என்று ஒன்றைச் சொல்ல முடியும் என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. எழுந்து, கோயில் சன்னதியில் நிற்பவர் போலக் கைகட்டி நின்றார்.

கிளம்பும்போது அந்த அக்கா சொன்னார்: “வேலையைக் கேட்டீங்கன்னா நட்டமுங்க. மறுபடியும் படிப்பியான்னு கேட்டீங்கன்னா, நாளைக்கே பஸ் ஏறுவனுங்க.” அப்பா தலையசைத்தார். “என்ற புள்ளை படிச்சுப்போட்டு வந்தா, அதுகிட்டயும் இதையேதானுங்க கேப்பேன்” என்றார்.

பெரியப்பா விடவில்லை. “மூணு பேர்ல ரெண்டு பேரு வேண்டாம்னுட்டாங்க. அப்புறம் என்ன?” என்றார். அப்பா நிதானமாகப் பதில் சொன்னார்: “அவீக ரெண்டு பேரும் வேலையப் பத்திச் சொன்னாங்கண்ணா. அந்தம்மிணி மட்டுந்தான் படிச்சதைப் பத்திச் சொல்லுச்சு.” பிறகு என்னை அருகில் அழைத்து, துண்டை என் கைமேல் போட்டு, உள்ளே என் மூன்று விரல்களைப் பிடித்தார். மூன்று வருடம். நான் மற்றொரு கையைத் துண்டின் மேல் வைத்து அழுத்தினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பெரியப்பாவே சிரித்துவிட்டார்.

ஒவ்வொரு விடுமுறைக்கும் நான் வந்து பையை இறக்கும் முன்பே, “ஒரு எப்பவுமே சொல்லு கண்ணு” என்பார். ஒரு முறை அரைவட்டத்துக்குள் வரும் செங்கோணத்தைச் சொன்னேன். அப்பா வாசலில் ஒரு முளைக்குச்சி அடித்து, கயிறு பிடித்து வட்டம் போட்டு, விட்டத்தின் இரண்டு முனையிலிருந்தும் கயிறு இழுத்து, வட்டத்தில் பத்து இடத்தில் ஆசாரியின் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். பத்திலும் சரியாக வந்தது. அம்மா சோறு ஆறிப்போகிறது என்று கத்திக்கொண்டே இருந்தார். படிக்காத ஒரு மனிதர் அவ்வளவு மரியாதையோடு ஓர் உண்மையின் முன் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

பட்டமும் வாத்தியார் படிப்பும் முடித்தேன். பெரியப்பா பயந்தது அப்படியே நடந்தது. கோயமுத்தூரில் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மறக்காமல் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், கடிதம் வந்தபாடில்லை. திருப்பூர் வேலைக்குப் போன பக்கத்து ஊர்ப் பெண் மொபெட்டில் வந்து எங்கள் வாசலில் இறங்குவாள். எங்கள் வீடு ஓட்டு வீடாகவே இருக்கிறது. இந்த நிலையில், மறுபடியும் படிப்பாயா என்ற அந்தக் கேள்வியை அப்பா எப்போது கேட்பாரோ என்று ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டே ஊருக்கு வருவேன். அவர் கேட்கவே இல்லை.

நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் என்னால் முடியாது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது தம் வண்டியில் தூக்கிப் போன அண்டை வீட்டாருக்கும், கைராசிக்கார டாக்டருக்கும், முகம் சுளிக்காத நர்சம்மாக்களுக்கும், விடுப்புத் தந்த என் பள்ளிக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய பெரியப்பாவுக்கும், சந்தையை விட்டுவிட்டு வந்து நின்ற தரகர்கள் அனைவருக்கும், சென்னிமலையிலிருந்து தேடி வந்த அக்காவுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது, வலது கை மட்டும் அசைந்தது. இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, ஒரு மத்தியானம், மழை பெய்து ஓடு ஒழுகிக்கொண்டிருந்தது. நான் கட்டிலருகே பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா தலைமாட்டில் இருந்த துண்டை இழுத்து இழுத்து என் கைமேல் போட்டார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தேன். துண்டுக்குள் என் விரல்களைத் தேடி, மூன்றைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தார்.

ஒழுகும் ஓட்டையும் வராத கடிதத்தையும் நினைத்துப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாத இடம் அது. மற்றொரு கையைத் துண்டின் மேல் வைத்து, அன்று போலவே அழுத்தினேன்.

அப்பா துண்டை உதறப் பார்த்தார். கை எழவில்லை. நானே எடுத்து உதறி, அவர் தோளில் போட்டேன்.